பிள்ளையின் உச்சந்தலையில் பூசிய எண்ணெய்

சகோதரி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கல்முனையில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவர். கணவர் மட்டக்களப்புக் கத்தோலிக்கர். உங்கள் ஐந்து மாதப் பெண்பிள்ளைக்குச் சென்ற ஞாயிறு கணவரின் பங்கில் ஞானஸ்நானம் நடந்தது. தண்ணீர் வார்த்த பிறகு குருவானவர் பிள்ளையின் உச்சந்தலையில் மணமுள்ள எண்ணெய் பூசினார். கிறிஸ்து குருவாகவும் இறைவாக்கினராகவும் அரசராகவும் அபிஷேகம் பெற்றதைச் சொல்லி, இந்தப் பிள்ளையும் அவருடைய உடலின் உறுப்பாக என்றும் வாழவேண்டும் என்று மன்றாடினார். வாங்கில் இருந்து கேட்ட உங்கள் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அவை இயேசு ஒருவருக்கே உரிய பட்டங்கள், பால்குடிப் பிள்ளைக்கு அவற்றில் என்ன பங்கு என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்கிறார். மூன்று பட்டங்களையும் ஞாயிறு பாடசாலையில் மனனம் செய்த உங்களுக்கும் பதில் தெரியவில்லை. மணம் போய்விடும் என்று நான்கு நாட்களாகப் பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் வார்க்காமல் இருப்பதாகவும், வார்க்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி பட்டங்களைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதற்குள் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அம்மாவின் விசுவாசத்தை விட்டுப் பிள்ளையை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டேனா என்பதே அது. ஆகவே முடிவை முதலிலேயே சொல்கிறேன். இல்லை. அந்த எண்ணெயோடு சொல்லப்பட்டதை உங்கள் அம்மாவின் புரட்டஸ்தாந்துப் பாரம்பரியமும் நானூறு வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருகிறது. நான் பிலிமத்தலாவையில் இறையியல் கற்று, கிழக்கில் முப்பது வருடங்களுக்கு மேல் மெதடிஸ்த போதகராக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். கத்தோலிக்க வழிபாட்டை வெளியில் நின்று மரியாதையோடு வாசித்தவன் மட்டுமே. அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

‘கிறிஸ்து’ என்பது இயேசுவின் குடும்பப் பெயர் அல்ல. எபிரேயத்தில் மேசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து, இரண்டுக்கும் பொருள் எண்ணெய் பூசப்பட்டவர் என்பதே. ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’ என்று நம்முடைய பழைய வேதாகமமும், ‘திருப்பொழிவு பெற்றவர்’ என்று 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பும் சொல்வது இதைத்தான். ஆகவே அவர் எந்த வேலைக்காக அபிஷேகம் பெற்றார் என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் ஆரோனின் தலையில் எண்ணெய் வார்த்து ஆசாரியனாக்கினார்கள்; கத்தோலிக்கர் ‘குரு’ என்பது இந்தப் பதவியைத்தான். சாமுவேல் சவுலுக்கும், பிறகு தாவீதுக்கும் எண்ணெய் வார்த்து ராஜாவாக்கினார். இவை இரண்டும் உறுதியானவை. தீர்க்கதரிசிகளுக்கும், அதாவது கத்தோலிக்கர் இறைவாக்கினர் என்பவர்களுக்கும், அப்படி எண்ணெய் வார்க்கும் வழக்கம் இருந்ததா என்பது அவ்வளவு உறுதியில்லை. எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம் பண்ணும்படி எலியாவுக்குக் கட்டளை வருகிறது. ஆனால் எலியா எலிசாவைக் கண்டபோது தன் சால்வையை அவன்மேல் போட்டார் என்று இருக்கிறதே தவிர, எண்ணெய் வார்த்ததாக இல்லை. கர்த்தருடைய ஆவியானவர் தன்மேல் இருக்கிறார், கர்த்தர் தன்னை அபிஷேகம் பண்ணினார் என்று ஏசாயா 61இல் பேசுகிறவர் சொல்கிறார். நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு வாசித்ததும் அந்தப் பகுதியைத்தான். தீர்க்கதரிசியின் அபிஷேகம் பெரும்பாலும் ஆவியின் அபிஷேகமாகவே பேசப்பட்டது என்று சொல்வது பொருந்தும்.

இந்த மூன்று வேலைகளும் இஸ்ரவேலில் வெவ்வேறு ஆட்களிடம் இருந்தன என்பதைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவருக்கு இது விளங்கக் கடினமில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது பூசை செய்கிறவர் கப்புகனார். கோயிலின் வரவு செலவையும் ஒழுங்கையும் பார்க்கிறவர் வண்ணக்கர். தெய்வம் ஏறி வாக்குச் சொல்கிறவர் இன்னொருவர். ஒருவரின் வேலைக்குள் மற்றவர் கை வைத்தால் ஊரில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வழிபாட்டையும் வேதாகமத்தையும் ஒன்றாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலைகள் பிரிந்திருப்பதன் நியாயத்தைக் காட்டவே சொல்கிறேன். உசியா ராஜா பலத்தின் மமதையில் ஆலயத்துக்குள் புகுந்து தூபங்காட்டப் போனபோது எண்பது ஆசாரியர் எதிரே நின்று தடுத்தார்கள். அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாமுவேல் வரத் தாமதித்தார் என்று சவுல் தானே தகனபலி செலுத்தினான். அவனுடைய ராஜ்யபாரம் நிலைக்காது என்ற தீர்ப்பு அன்றே வந்தது. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. சாமுவேல் தீர்க்கதரிசியாகவும் இருந்தார், பலியும் செலுத்தினார். ஆதியாகமத்தில் வரும் மெல்கிசேதேக்கு ராஜாவாகவும் ஆசாரியனாகவும் இருந்தான். ஆனால் பொதுவான ஒழுங்கு பிரிவினைதான்.

மனிதர் ஒருவரிடம் இரண்டு பதவிகள் சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. இயேசுவுக்கு ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன் அலெக்சாந்தர் யன்னேயு என்பவன் எருசலேமில் அரசனாகவும் பிரதான ஆசாரியனாகவும் இருந்தான். கூடாரப் பண்டிகையில் அவன் பலிபீடத்தருகே நின்றபோது, பண்டிகைக்காகக் கையில் வைத்திருந்த நாரத்தை போன்ற பழங்களால் மக்கள் அவனை எறிந்தார்கள். கோபத்தில் அவன் ஏறத்தாழ ஆறாயிரம் பேரைக் கொன்றான் என்று முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். பழம் எறிந்ததற்குப் பலிபீடத்தின் ஆசாரியன் கொடுத்த பதில் அது. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த கும்ரான் என்னும் பழைய யூதச் சமூகத்தின் ஒழுங்கு நூலில், ஒரு தீர்க்கதரிசியும், ஆரோனின் மேசியாவும், இஸ்ரவேலின் மேசியாவும் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. ஒருவர் அல்ல, ஆசாரிய மேசியா ஒருவர், அரச மேசியா இன்னொருவர் என்றே பெரும்பாலான அறிஞர் அதை வாசிக்கிறார்கள். மூன்றையும் ஒரே ஆளிடம் நம்பி ஒப்படைக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. உங்கள் அம்மாவின் பயமும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. அது மிகவும் நியாயமான பயம்.

அடுத்து, நம்முடைய தமிழ்ச் சொற்கள் நம்மைக் கொஞ்சம் திசை திருப்புகின்றன. ‘தீர்க்கதரிசி’ என்றால் தூரத்தில் உள்ளதைக் காண்கிறவர். அதனால் வருங்காலம் சொல்கிறவர் என்ற எண்ணமே முந்தி வருகிறது. எபிரேயத்தில் நாபீ என்பது கடவுளின் வாயாக நின்று பேசுகிறவரைக் குறிக்கும். கல்முனையில் உங்கள் முஸ்லிம் அயலவர்கள் சொல்லும் ‘நபி’ அதன் உடன்பிறந்த சொல். அவர்கள் ஈசா நபி என்று மரியாதையோடு சொல்கிறார்கள். குர்ஆன் அவரை மஸீஹ் என்றும் அழைக்கிறது. பொருளில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் அந்தச் சொல் அந்நியமானதல்ல. கத்தோலிக்கர் சொல்லும் ‘இறைவாக்கினர்’ இங்கே மூலத்துக்கு நெருக்கமானது என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது பட்டத்தில் இரு சபையாரும் ஒரே இக்கட்டில் இருக்கிறோம். ‘ஆசாரியர்’ என்றாலும் ‘குரு’ என்றாலும் தமிழ்க் காதுக்கு முதலில் கேட்பது ஆசிரியர் என்பது. எபிரேயக் கோஹேன் கற்பிக்கவும் செய்தான். ஆனாலும் அவனுடைய தனி வேலை மக்களுக்காகக் கடவுளின் முன்னால் பலியோடு நிற்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

தீர்க்கதரிசி என்ற பட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனவேதனை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், பேசியவர் ஓர் இளைஞனைக் கைகாட்டி, உனக்கு மூன்று மாதத்தில் வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னார். தீர்க்கதரிசனம் என்று சொல்லப்பட்டதால், தாய் தன் தாலிக்கொடியை அடகுவைத்துப் பணத்தை ஒரு ஏஜென்டின் கையில் கொடுத்தார். பயணமும் இல்லை, பணமும் இல்லை. அந்த வீட்டு விறாந்தையில் நான் இருந்தபோது அந்தத் தாய் கேட்டது, ‘ஐயா, ஆண்டவர் ஏன் பொய் சொன்னார்?’ என்பது. ஆண்டவர் பொய் சொல்லவில்லை, அவர் பெயரால் ஒரு மனிதன் சொன்னான் என்று விளங்கப்படுத்த எனக்கு அன்று பின்னேரம் முழுவதும் போயிற்று. கிறிஸ்து தீர்க்கதரிசி என்றால், கடவுள் யார் என்பதையும் நாம் யார் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசி எழும்புவார் என்ற உபாகமத்தின் வாக்கைப் பேதுரு அவரைச் சுட்டியே எடுத்துப் பேசுகிறார். மற்றத் தீர்க்கதரிசிகள் ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்றார்கள். இவர் ‘நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்றார். அந்தச் சொல் நம்மிடம் இருக்கும்போது கைகாட்டிச் சொல்லும் வாக்குகளுக்காக நாம் ஏங்க வேண்டியதில்லை.

அந்தப் பணியில் நமக்குள்ள பங்கு உண்மை பேசுவது. அது விலை கேட்கும். மட்டக்களப்பில் பிரஜைகள் குழுவுக்குத் தலைமை தாங்கி மக்களுக்காகப் பேசிய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹெபர்ட் அடிகளார் காணாமற்போனார். இருவரும் என் சபையார் அல்லர். இறைவாக்குப் பணி என்று யாரும் என்னிடம் கேட்டால் இவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆசாரியர் என்ற பட்டத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். என் விசுவாசம் உயிரோடு இருப்பதே இதனால்தான். முதலில் ஒரு ஆச்சரியம். சுவிசேஷங்களில் இயேசு தன்னை ஆசாரியன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவர் யூதா கோத்திரத்தவர். ஆசாரியத்துவம் லேவி கோத்திரத்துக்குரியது. எருசலேம் ஆலயத்தின் பரிசுத்த ஸ்தலத்துக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்திருக்க முடியாது. அவரைப் பிரதான ஆசாரியர் என்று வெளிப்படையாக அழைப்பது எபிரெயர் நிருபம் ஒன்றுதான். அந்த ஆசிரியர் இந்தக் கோத்திரச் சிக்கலை மறைக்காமல் தானே எடுத்து வைத்து, மெல்கிசேதேக்கின் முறைமையைக் கொண்டு அதற்கு விடை சொல்கிறார்.

அதே நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் எந்த ஆசாரியனும் நாள்தோறும் நின்றுகொண்டு ஆராதனை செய்கிறான், அதே பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறான் என்று வருகிறது. இவரோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பொருட்களை வாசித்துப் பாருங்கள். மேசை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு. ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை இல்லை. வேலை முடியாது, ஆகவே உட்கார இடமும் இல்லை. ‘ஆசனம்’ என்ற சொல் நம்முடைய தமிழில் ஒன்றுக்கு மட்டும் வருகிறது, கிருபாசனத்துக்கு. அதுவும் கடவுளின் சந்நிதிக்குரிய இடம். வருடத்தில் ஒரு நாள், தன் பாவத்துக்கும் சேர்த்து இரத்தத்தைக் கொண்டுபோய்ப் பிரதான ஆசாரியன் அதன் முன்னால் தெளித்துவிட்டு வெளியே வருவான். எபிரெயர் 4:16இல் மூலத்தில் கிருபையின் சிங்காசனம் என்று இருப்பதை நம்முடைய பழைய மொழிபெயர்ப்பாளர் அதே ‘கிருபாசனம்’ என்ற சொல்லால் தந்திருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு காலத்தில் ஒருவன் மட்டும், வருடத்தில் ஒரு தடவை மட்டும் நெருங்கிய இடத்துக்கு இப்போது தைரியமாய் வாருங்கள் என்று எல்லாரையும் கூப்பிடுவது தமிழில் வாசிக்கிறவருக்கு இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. மருத்துவமனை வார்ட்டில், அறிவு தெளிவில்லாமல் கிடக்கிறவரின் பக்கத்தில் இருந்து ஜெபிக்கும்போது நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். அவரால் ஒரு வார்த்தை ஜெபிக்க முடியாது. அவருக்காகப் பேச ஒருவர் ஏற்கனவே அங்கே இருக்கிறார்.

ராஜா என்ற பட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உபாகமம் 17 ராஜாவுக்கு வைக்கும் ஒழுங்கைப் பாருங்கள். குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியையும் பொன்னையும் பெருக்கக்கூடாது, நியாயப்பிரமாணத்தின் பிரதியொன்றைத் தனக்கென எழுதி வைத்து நாள்தோறும் வாசிக்கவேண்டும், தன் சகோதரருக்கு மேலாகத் தன்னை உயர்த்தக்கூடாது. இந்த ஒழுங்குக்கு அடங்கிய ராஜாவை இஸ்ரவேல் கண்டதில்லை. அப்பம் சாப்பிட்ட ஜனங்கள் இயேசுவைப் பலவந்தமாக ராஜாவாக்கப் பார்த்தபோது அவர் தனியே மலைக்கு விலகிப்போனார். பிலாத்து கேட்டபோது மட்டும் மறுக்கவில்லை. சத்தியத்துக்குச் சாட்சி கொடுக்கவே வந்தேன் என்றார். அந்த ஒரே பதிலில் ராஜாவும் தீர்க்கதரிசியும் சேர்ந்துவிடுகிறார்கள். முதலாம் உலகப் போருக்குப் பிறகு தேசியவாதம் தலையெடுத்த காலத்தில், 1925இல், பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தினார். 1934இல் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய புரட்டஸ்தாந்துச் சபையார், நம் வாழ்க்கையில் கிறிஸ்துவைத் தவிர வேறு எசமான்களுக்குரிய பகுதி எதுவும் இல்லை என்று அறிக்கையிட்டார்கள். நீங்கள் ராஜாவின் பிள்ளைகள், ஆகவே வீடும் வாகனமும் உங்களுக்கு உரிமை என்று இப்போது சில மேடைகளில் கேட்பதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. கால் கழுவிய ராஜாவிடமிருந்து அப்படி ஒரு உரிமை வராது.

இந்த மூன்று பட்டங்களும் ஒன்றாகக் காணப்படும் இடம் அவர் அவமதிக்கப்பட்ட இரவும் அடுத்த நாளும்தான். கண்ணைக் கட்டி அடித்து, உன்னை அடித்தவன் யார் என்று தீர்க்கதரிசனம் சொல் என்றார்கள். முள்முடி சூட்டி, மேலங்கி போர்த்தி, கையில் கோல் கொடுத்து ராஜாவே வாழ்க என்றார்கள். சிலுவையின் கீழே நின்ற பிரதான ஆசாரியர்கள், மற்றவர்களை இரட்சித்தான், தன்னை இரட்சிக்க முடியவில்லை என்றார்கள். தன்னைக் கொடுத்து மற்றவர்களை இரட்சிப்பதுதான் அவருடைய ஆசாரிய ஊழியம் என்பது அந்த ஆசாரியர்களுக்குத் தெரியவில்லை. யன்னேயுவின் கையில் வாளாக மாறிய அதிகாரம் இவரிடம் எப்படி இருந்தது என்பதை அங்கே காணலாம். அந்தப் பதவிகளை ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று நான் நம்புவதற்குக் காரணமும் அதுதான்.

சரி, பிள்ளைக்கு இதில் என்ன பங்கு? நான்காம் நூற்றாண்டில் செசரியா நகர ஆயர் யூசேபியஸ் தன் திருச்சபை வரலாற்றின் தொடக்கத்திலேயே கிறிஸ்துவின் மூன்று அபிஷேகங்களையும் சேர்த்துப் பேசுகிறார். அதை விரிவான போதனையாக ஒழுங்குபடுத்தியவர் சீர்திருத்தச் சபைப் போதகர் ஜோன் கால்வின். ‘கிறிஸ்தவ மதத்தின் போதனைகள்’ (Institutes) என்ற தன் நூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்குத் தனி அதிகாரமே கொடுத்தார். 1563இல் வந்த ஹைடெல்பர்க் வினாவிடை, அவர் ஏன் கிறிஸ்து எனப்படுகிறார் என்று 31ஆம் கேள்வியில் கேட்டுவிட்டு, உடனே 32ஆம் கேள்வியில், நீ ஏன் கிறிஸ்தவன் எனப்படுகிறாய் என்று கேட்கிறது. விசுவாசத்தினால் நான் கிறிஸ்துவின் அவயவம், ஆகவே அவருடைய அபிஷேகத்தில் பங்குள்ளவன் என்பது விடை. அவருடைய நாமத்தை அறிக்கையிடவும், என்னை நன்றிப் பலியாகக் கொடுக்கவும், பாவத்தோடு போராடிப் பின் அவரோடு ஆளவும் என்று அந்த விடை தொடர்கிறது. இது கத்தோலிக்க நூல் அல்ல, சீர்திருத்தச் சபையின் நூல். கிறிஸ்துவை ஆசாரியராக மட்டும் பிரசங்கித்து நிறுத்தாமல் தீர்க்கதரிசியாகவும் ராஜாவாகவும் பிரசங்கிக்க வேண்டும் என்று மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியும் வற்புறுத்தினார். உங்கள் அம்மா படித்த பாடசாலைக்கு அந்தப் பெயர்தானே என்று எழுதியிருந்தீர்கள். இதை அவரிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பொதுநிலையினரின் பங்கை இதே மூன்று பணிகளாக விரித்துப் பேசியது. உங்கள் பிள்ளைக்குச் சொல்லப்பட்ட வாசகம் அதன்பின் சீர்திருத்தப்பட்ட ஞானஸ்நான ஒழுங்கில் வருகிறது. ஆகவே அம்மாவின் ஞாயிறு பாடசாலையும் கணவரின் கோவிலும் இந்த இடத்தில் ஒரே வாசலுக்குத்தான் வருகின்றன.

133ஆம் சங்கீதம் ஆரோனின் தலையில் வார்த்த எண்ணெய் தாடியில் வடிந்து அங்கியின் தொங்கல் வரை இறங்குவதைச் சொல்கிறது. பழைய உரையாளர்கள் தலையைக் கிறிஸ்து என்றும் அங்கியைச் சபை என்றும் வாசித்தார்கள். சங்கீதக்காரன் அதை நினைத்துத்தான் பாடினான் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனாலும் படம் சரியானது. தொங்கலுக்குத் தனி எண்ணெய் கிடையாது. பிள்ளை தனியே ஒரு ராஜா அல்ல. அவள் பட்டத்தைப் பெறவில்லை, பட்டம் உடையவரின் உடலோடு சேர்க்கப்பட்டாள்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், நாவலடியில் நான் அறிந்த ஓர் அம்மாவைச் சொல்வேன். 2004 டிசம்பர் 26இல் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. பிறகு அவர் தங்கியிருந்த தற்காலிகக் கொட்டிலுக்கு ஒரு நாள் போனபோது, பாயின் தலைமாட்டில் ஒரு பாடசாலைக் கொப்பி கிடந்தது. ஓரம் ஈரத்தில் சுருண்டு, மட்டையில் பழைய கணக்குப் பாடத்தின் பெயர் அப்படியே இருந்தது. உள்ளே வரிக்கு ஒரு பெயர். எழுத்து ஏறி இறங்கி இருந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக்குறி, அவர்கள் இறந்துவிட்டார்கள் என்றார். விடிய நாலரைக்கு எழும்பி ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து அந்த ஆளுக்காக ஜெபிப்பாராம். விரல் வைத்த இடங்களில் மை மங்கி இருந்தது. ஒன்பதாவதோ பத்தாவதோ பெயரைக் கண்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். நிவாரணப் பட்டியலிலிருந்து தன் பெயரை வெட்டியவர் என்று அவர் நம்பிய மனிதரின் பெயர் அது. ‘அவருக்கும் பிள்ளைகள் இருக்கு ஐயா’ என்றார், அவ்வளவுதான். பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள் இருந்தன, பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்களும் அவற்றில் வெட்டப்பட்டிருந்தன, அந்தப் பெயர்களை நெஞ்சில் சுமந்தே அவன் உள்ளே போவான் என்று யாத்திராகமம் 28 சொல்கிறது. அதைப் பல வருடங்கள் படிப்பித்தவன் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்தக் கொட்டிலில், அந்தக் கொப்பியைப் பார்த்தபோது.

ஓரிடத்தில் நான் கவனமாக இருக்க வேண்டும். எல்லா விசுவாசிகளும் ஆசாரியர் என்றால் குருவானவர் எதற்கு என்று உங்கள் அம்மா அடுத்துக் கேட்கக்கூடும். இதில் சபைகள் உண்மையாகவே வேறுபடுகின்றன. மூடிப் பேசுவதில் பயனில்லை. லூதர் 1520இல் எழுதியது முதல், ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் ஒரே ஆசாரியத்துவம், போதகரின் வேறுபாடு ஊழியத்தில் மட்டும் என்பது எங்கள் பக்கத்துப் போதனை. வத்திக்கான் சங்கமோ பொதுக் குருத்துவமும் பணிக் குருத்துவமும் அளவில் மட்டுமல்ல, தன்மையிலேயே வேறுபட்டவை என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கியவை என்றும் அதே இடத்தில் சொல்கிறது. அதை உங்களுக்கு விளக்க உரியவர் உங்கள் பங்குத்தந்தைதான். மூன்று பட்டங்களில் கிறிஸ்து முழுவதும் அடங்கிவிடுகிறாரா என்பதும் திறந்த கேள்வி. மேய்ப்பர், வைத்தியர், மணவாளன் என்று வேதம் சொல்வதையெல்லாம் மூன்று பெட்டிகளுக்குள் அடைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மூன்று என்பது நமக்கு நினைவில் நிற்க உதவும் ஓர் ஒழுங்கு. பேதுருவும் வெளிப்படுத்தின விசேஷமும் விசுவாசிகளை ராஜரீக ஆசாரியக்கூட்டம் என்றும், ராஜாக்களும் ஆசாரியர்களும் என்றும் சொல்வது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

கடைசியாக எண்ணெய். அது ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்தது. பெரிய வியாழனையொட்டி ஆயர் தன் குருமாரோடு கூடி நிறைவேற்றும் திருப்பலியில் அதை அர்ச்சிப்பார். கிறிஸ்மா என்று பெயர். உங்கள் வரியைப் பார்த்ததும், எனக்குப் பழக்கமான இரண்டு கத்தோலிக்கக் குருமாரிடம் தொலைபேசியில் கேட்டேன். தலையை நனைக்கக்கூடாது என்ற விதி எதுவும் இல்லை என்று இருவரும் சொன்னார்கள். நான்கு நாள் வியர்வையோடு இந்த வெக்கையில் பிள்ளையை வைத்திருக்க வேண்டாம். நாளைக்கு வெயில் ஏறிய பிறகு இளஞ்சூட்டு நீரில் தலைக்கு வார்த்து, ஈரம் போகத் துவட்டிவிடுங்கள். அம்மாவையே வார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.